கைச்சங்கிலிக் காலம்

அந்த வருஷம் தங்கரத்தினம் அக்கா வருவதை முதலில் காதுதான் சொல்லும். தண்டவாளத்தைத் தாண்டி ரயில்வே குவாட்டர்ஸின் படலையைத் திறப்பதற்கு முன்பே ஒரு சின்னச் சலசலப்புக் கேட்கும். கொலுசுச் சத்தம் இல்லை, வளையல் சத்தமும் இல்லை. மழை விட்ட பிறகு தகரக் கூரையின் விளிம்பிலிருந்து சொட்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழுமே, அந்த மாதிரி.

1934ஆம் வருஷம், மலாயா. பாலோ ரயில் நிலையத்தில் நிற்கும் வண்டிகளைவிட நிற்காமல் போகும் வண்டிகளே அதிகம். ஸ்டேஷன் மாஸ்டர் சிற்றம்பலத்தின் மனைவி செல்லப்பாக்கியத்துக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசக் கிடைத்த ஒரே துணை, பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாரின் மனைவி தங்கரத்தினம்தான். அவள் சிங்கப்பூருக்குப் போய் வந்த மறுநாள், கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கண்ணை மூடு பாக்கியம்."

"என்னத்துக்கு அக்கா?"

"மூடெண்டால் மூடன்."

திறந்தபோது கண்ணுக்கு நேரே ஒரு வெள்ளிச் சங்கிலி. அதில் விரல் நகத்தளவு பொருள்கள் தொங்கின. ஒரு யானை, ஒரு மீன், ஒரு பாய்க்கப்பல், ஒரு பூட்டுத் திறப்பு, ஒரு தேநீர்க் கேத்தல். ஒவ்வொன்றும் தன் பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"சாம் பிரேஸ்லெட்டாம். சிங்கப்பூர்ல பெண்டுகளின்ரை கையெல்லாம் இதுதான். எங்கட தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணியும் போட்டிருக்கிறா. போன மாதம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குப் பரிசு குடுக்க வந்தவ. நான் அவவின்ரை முகத்தைப் பார்க்கேல்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான். போற வாற ஊரிலயெல்லாம் ஒவ்வொண்டு வாங்கிக் கொழுவுறதாம்."

"கிராணியார் என்ன சொன்னவர்?"

"மாட்டுக்கு மணி கட்டின மாதிரிக் கிடக்காம். ஓம், காணாமல் போனால் தேட லேசு எண்டு சொன்னனான்."

இருவரும் சிரித்தார்கள். தங்கரத்தினம் சங்கிலியைக் கழற்றி பாக்கியத்தின் கையில் போட்டுப் பார்த்தாள்.

"துரைசாணியின்ரை தாய் காலத்தில இது பெரிய எழுப்பமான நாகரிகமாம். பிறகு ஒருத்தரும் சீண்டாமல் பெட்டிக்குள்ள போட்டிட்டினமாம். இப்ப திரும்பி வந்திருக்கு."

"பெட்டிக்குள்ள போட்டது திரும்பி வருமோ அக்கா?"

"வந்திருக்கே."

பாக்கியம் கையை அசைக்காமல் வைத்திருந்தாள். அசைத்தால் எல்லாம் பறந்துவிடும் போல இருந்தது.

தங்கரத்தினம் போன பிறகு, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த காளியம்மா விளக்குமாற்றை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவள் புருஷன் ரயில் பாதையில் கட்டை மாற்றும் வேலை செய்பவன்.

"ஏம்மா, நம்ம புள்ளைங்களுக்கு அரைஞாண் கயித்துல கோத்து விடுவோமே, தாயத்து, நாய்க்காசு, மணின்னு. அதைத்தான கிராணியம்மா கையில கட்டிக்கிட்டுப் போறாங்க? இதுக்குச் சிங்கப்பூரு வரைக்கும் போவணுமா?"

பாக்கியம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தகரப் பெட்டியின் அடியில், கூறைப் புடவைக்குக் கீழே, ஒரு பவுடர் டின் இருந்தது. அதற்குள் பஞ்சில் சுற்றி ஒரு பஞ்சாயுதம். யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குத் தீட்டுக் கழித்ததும் கழுத்தில் போடுவது. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தும் ஒரு கட்டைவிரல் அகலப் பொன்னில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். காய்ச்சல், கண்ணூறு, பயம் எதுவும் பிள்ளையை அண்டாமல் அவை காக்கும். பாக்கியத்தின் தம்பி அதைக் கப்பலில் கொண்டுவந்து, அவர்கள் முன்பு இருந்த கூலாய் ரயில்வே குவாட்டர்ஸில், அக்காவின் மகள் செல்வராணியின் கழுத்தில் போட்டான். போட்டுவிட்டு, "பயந்து போகாதை பிள்ளை, அஞ்சு பேர் காவல் நிக்கினம்" என்றான்.

ஐந்து பேரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். எட்டாம் மாதத்தில் மலேரியாக் காய்ச்சல் வந்து செல்வராணி போய்விட்டாள்.

சிற்றம்பலம் இடமாற்றம் கேட்டு எழுதினார். கூலாயிலிருந்து பாலோவுக்கு வரும் ரயிலில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே ஒரு வசனம் சொன்னார்: "அங்க ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் பாக்கியம். கேட்டுக் கேட்டே எங்களைச் சாகடிச்சுப்போடுவினம்." அவள் தலையசைத்தாள். அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது. பாலோவில் இறங்கியதும் பெரிய கிராணியார் வரவேற்க வந்திருந்தார். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "பிள்ளையள்?" என்று கேட்டார். சிற்றம்பலம், "இல்லை" என்றார்.

அந்த ஒரு சொல் அவர்களோடு குவாட்டர்ஸுக்குள் வந்து குடியேறிவிட்டது. ஊருக்கு அவள் பிள்ளை பெறாதவள். தங்கரத்தினம் இரக்கப்பட்டு வேர்களை அரைத்து உருண்டையாக்கிக் கொண்டுவந்து தருவாள். கந்தசஷ்டி விரதம் பிடிக்கச் சொல்லுவாள். பாக்கியம் உருண்டையைத் தேனில் குழைத்து விழுங்குவாள். விழுங்கும்போது தொண்டைக்குள் ஏதோ ஒன்று, நான் இருந்தேனே, நான் இருந்தேனே என்று முட்டும்.

பவுடர் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் இருந்தாள். சங்கின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. முளைத்த கீழ்ப்பல்லால் செல்வராணி கடித்த இடம். அதைச் சுண்டுவிரலால் தடவினாள். இதைக் கழுத்தில் போட முடியாது. கேட்பார்கள். வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. அவர் பார்ப்பார். ஆனால் கையில், யானைக்கும் மீனுக்கும் கப்பலுக்கும் நடுவில் ஆடினால் யார் கேட்பார்கள்?

அடுத்த வாரமே பக்கத்து நகரமான குளுவாங்குக்கு ரயிலேறினாள். அங்கே ஐயாசாமி பத்தரின் கடையில் ஒரு வெள்ளிச் சங்கிலியும் சின்ன மணி ஒன்றும் பூ ஒன்றும் வாங்கினாள். கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பஞ்சாயுதத்தை வைத்தாள்.

"இதையுமாம்மா கோக்கணும்?"

"ஓம்."

"குழந்தைங்க கழுத்துல போடுறதாச்சே இது."

"இப்ப இதுதான் நாகரிகம்."

பத்தர் அதை வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பிப் பார்த்தார். "என்னமோ போங்க. போன வாரம் சீனத்து அம்மா ஒருத்தவங்க புலிப்பல்லைக் கொண்டாந்தாங்க. அதையும்தான் கோத்துக் குடுத்தேன். எங்க போயி நிக்கப்போவுதோ இந்த ஆசை."

அன்று மாலை தேநீர் கொடுக்கும்போது சிற்றம்பலத்தின் கண் அவள் இடது கையில் விழுந்தது. விழுந்த இடத்தில் சற்றே நின்றது. அவர் கோப்பையை வாங்கி, சீனி போட்ட தேநீரில் மறுபடியும் சீனி போட்டுக் கலக்கிக் குடித்து முடித்தார். அதற்குப் பிறகு சாப்பிட உட்காரும்போது அவளுடைய வலப்பக்கமே பார்த்து உட்கார்ந்தார்.

அடுத்து வந்த வருஷங்கள் கைச்சங்கிலிக் காலம். தங்கரத்தினத்தின் கையைப் பார்த்து, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கனகராஜின் மனைவி சந்திரமதியும் ஒன்று செய்துகொண்டாள். நாகப்பட்டினத்துப் பெண், இருபது வயதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மூன்று பேரும் கிராணியார் பங்களாவின் வராந்தாவில் கூடுவார்கள். புதிதாக ஒன்று கோத்தவள் அதன் கதையைச் சொல்ல வேண்டும் என்பது தங்கரத்தினம் போட்ட சட்டம்.

"இது பினாங்குக்குப் போனப்ப வாங்கினது" என்பாள் சந்திரமதி. "மலை ரயிலு. அவரு ஏறமாட்டேன்னுட்டாரு. ஊசி போடுறவருக்கு உசரம்னா பயம்."

"எல்லாருக்கும் ஊசியைக் காட்டிப் பயமுறுத்துற மனிசனோ!" என்பாள் தங்கரத்தினம்.

"ஐயோ, மெதுவா பேசுங்கக்கா. கிராணியார் காதுல விழுந்தா நாளைக்கே தோட்டம் பூராத் தெரிஞ்சிரும்."

பாக்கியத்தின் முறை வரும்போது அவள் சிரித்துக்கொண்டே, "வடிவாய்க் கிடந்தது, வாங்கினனான்" என்பாள். பஞ்சாயுதத்தைப் பற்றிக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

"நல்ல யோசனை" என்றாள் தங்கரத்தினம். "உனக்கு மட்டும்தான் உப்பிடித் தோணும்."

அவர்கள் போன ஊர்களைக் கோத்தார்கள். பாக்கியம் ஊர் பார்க்க எங்கும் போகவில்லை. அவள் வயதுகளைக் கோத்தாள். வெள்ளிச் சப்பாத்தை வாங்கியபோது செல்வராணிக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. சப்பாத்துக்குப் பிறகு ஒரு சிலேட்டு. பாலோவின் மழைக்கு ஒரு குடை. மறு வருஷம் ஒரு பூனைக்குட்டி, ஏனென்றால் அந்த வயதில் பிள்ளைகள் பூனைக்குட்டி கேட்டு அழுவார்கள்.

மத்தியானத்தில் வண்டிகள் இல்லாத நேரம், பாயில் மல்லாந்து கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்குவாள். ரப்பர் மரங்களின் பச்சை கண்ணாடியில் ஊறி அறைக்குள் இறங்கியிருக்கும். சங்கிலியில் தொங்கியவை மெல்லச் சுழலும். சுழலச் சுழல அவை பெரிதாகும். சப்பாத்து ஒரு காலுக்குப் போதுமானதாகும். குடை விரியும். அந்தக் குடையின் கீழே இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி தண்டவாளக் கட்டைகளில் ஒன்று விட்டு ஒன்று தாண்டிப் போய்க்கொண்டிருப்பாள். பூனைக்குட்டி பின்னால் ஓடும். சில நாட்களில் ஈர வாசனைகூட வரும், மழையில் நனைந்த பள்ளிக்கூடச் சட்டையின் வாசனை. பாக்கியம் பின்னாலேயே போவாள். "செல்லம், இஞ்சை பார்" என்பாள். சிறுமி திரும்பியதே இல்லை. எப்போதும் முதுகுதான்.

ஏன் திரும்ப மாட்டேன் என்கிறாள் என்று அவள் பல நாள் யோசித்திருக்கிறாள். யோசிக்க யோசிக்கத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். அந்த வயது முகம் ஒன்று அவளிடம் இல்லை. அவளிடம் இருந்த முகம் எச்சில் வழியும் ஒரு முகம், மூக்கின் மேல் கொசு கடித்த சிவப்போடு. அதை இரட்டைப் பின்னலுக்குப் பொருத்திப் பார்த்தால் இரண்டும் கலைந்துவிடும். ஆகவே முதுகே போதும் என்று பழகிக்கொண்டாள். அதுவும் ஒரு குடித்தனம்தான். வெளியே அவள் பிள்ளை பெறாதவள். உள்ளே பள்ளிக்கூடம் விட்டு வருகிறவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சந்திரமதிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பெயர் வைக்கிற அன்று பிள்ளை கைக்குக் கை மாறி வந்தது. பாக்கியம் கையை நீட்டினாள். சந்திரமதியின் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தாள். "பால் குடிக்கிற நேரமாச்சு" என்று சொல்லிப் பிள்ளையை அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டாள். பாக்கியம் நீட்டிய கையை மடக்கிச் சங்கிலியைச் சரிசெய்வது போலச் சரிசெய்துகொண்டாள். அந்தச் சலசலப்பு மட்டும் கேட்டது.

1937இல் தங்கரத்தினம் ஒரு கல்யாணத்துக்குச் சிங்கப்பூர் போனாள். திரும்பி வந்தபோது சத்தமே இல்லை. படலை திறந்த பிறகுதான் அவள் வந்தது தெரிந்தது.

"சங்கிலி எங்கை அக்கா?"

"அதையேன் கேக்கிறாய். கலியாண வீட்டிலை நான் ஒருத்திதான் கிலுக்கட்டை மாதிரிக் கிலுக்கிக்கொண்டு திரிஞ்சனான். எல்லாப் பெண்டுகளும் திரும்பித் திரும்பிப் பார்க்கினம். வெக்கமாய்ப் போச்சுது. இப்ப கைமணிக்கூடுதானாம் நாகரிகம்." அவள் கையில் ஒரு சின்னக் கைக்கடிகாரம் இருந்தது. "நேரம் பார்க்கத் தெரியுதோ இல்லையோ, கட்டத்தான் வேணும்."

அவள் கழற்றிய அன்றே சந்திரமதியும் கழற்றினாள். பிள்ளை அதைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கிறது என்று காரணம் சொன்னாள். பாலோவில் இப்போது சலசலக்கும் கை ஒன்றே ஒன்று. தனியாகக் கேட்கும்போது அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. தேநீர் ஊற்றும்போது, பூப்பறிக்கும்போது, கோயிலில் கும்பிடும்போது, எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். மூன்று கைகள் ஆடியபோது அது நாகரிகம். ஒரு கை ஆடும்போது அது ஏன் என்ற கேள்வி.

தண்டவாளத்தின் ஓரம் தகரக் கூரை போட்ட முருகன் கோயில் ஒன்று இருந்தது. தைப்பூசத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை தங்கரத்தினத்துக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டிக்குள் கறுத்துக் கிடக்கிற வெள்ளியையெல்லாம் உருக்கி முருகனுக்கு ஒரு வேல் செய்வது. ஐயாசாமி பத்தருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. மாலை ரயிலில் வருவார்.

வராந்தாவில் பித்தளைத் தாம்பாளம் வைத்திருந்தது. தங்கரத்தினத்தின் யானையும் கப்பலும் அதில் கிடந்தன. சந்திரமதியின் மலை ரயில் அவற்றின் மேல் சாய்ந்திருந்தது. பிள்ளை தாம்பாளத்தை நோக்கித் தவழ்வதும் தாய் அதன் காலைப் பிடித்து இழுப்பதுமாக இருந்தார்கள்.

"கழட்டு பாக்கியம்" என்றாள் தங்கரத்தினம். "உன்ரை பவுன் துண்டுக்கு நான் இடம் வைச்சிருக்கிறன். வேலின்ரை நடுவிலை பொட்டு வைக்கிறதெல்லே? அந்தப் பொட்டு பவுன். எல்லாரும் வெள்ளி, நீ மட்டும் பொன். முருகன் உன்னைத்தான் முதல்ல பார்ப்பார். அடுத்த தைப்பூசத்துக்கு மடியிலை ஒண்டு இருக்கும், பார்."

பாக்கியம் கொக்கியை அவிழ்த்தாள். கையிலிருந்து சங்கிலி மடியில் விழுந்தது.

கொடுத்துவிடலாம். அது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. பிள்ளையின் பொன் சுவாமியின் வேலில் இருக்கும், கும்பிடும்போதெல்லாம் பார்க்கலாம். சிற்றம்பலத்துக்கும் நிம்மதி. ஆனால் உருக்கிய பிறகு ஐந்து ஆயுதமும் இருக்காது. சங்கும் இருக்காது. பிள்ளை பெறாதவள் ஒருத்தி வரம் கேட்டுக் கொடுத்த பொன் என்றுதான் ஊர் சொல்லும். அந்த "இல்லை" என்ற சொல்லுக்கு முருகனே சாட்சி ஆகிவிடுவான்.

குடையைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். பிறகு சப்பாத்து. சிலேட்டு. பூனைக்குட்டி. மணி, பூ. இரட்டைப் பின்னல் போட்டவள் தண்டவாளக் கட்டைகளில் ஒன்று விட்டு ஒன்று தாண்டி, வளைவில் ஈரப் பச்சைக்குள் போய்க்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டும் போலத் தோன்றவில்லை. கடைசியில் மிச்சமிருந்ததை விரல்களுக்குள் வைத்துக்கொண்டபோது, கொசு கடித்த மூக்கோடு அந்த முகம் நேருக்கு நேர் அவளைப் பார்த்தது.

"உதையும் வை" என்றாள் தங்கரத்தினம்.

"இது தரேலாது அக்கா."

"ஏன்? முருகனுக்குத்தானே?"

"இது என்ரையில்லை. மகளின்ரை."

சந்திரமதி பிள்ளையின் காலை விட்டுவிட்டாள். தங்கரத்தினம் சிரிக்கப் பார்த்து, பாக்கியத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"எந்த மகள்?"

"செல்வராணி. கூலாயிலை பிறந்தவள். எட்டு மாதம் இருந்தவள். காய்ச்சலிலை போயிட்டாள். பிறகுதான் நாங்கள் இஞ்சை வந்தது."

பெயர் வெளியே வந்ததும் வராந்தாவில் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. எல்லோரும் சற்று ஒதுங்கி இடம் விட்டார்கள்.

"நான் உனக்கு எத்தனை வேர் அரைச்சுத் தந்தனான்" என்றாள் தங்கரத்தினம். அவள் குரலில் கோபம்தான் முதலில் வந்தது. "இந்த ரெண்டு கையாலையும். மலட்டு வேர், மலட்டு வேர் எண்டு சொல்லிச் சொல்லி. நீ குடிச்சனியோ?"

"குடிச்சனான்."

"ஏன் குடிச்சனி? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதோ?"

"பிள்ளையள் எண்டு கேட்டவுடனை அவர் இல்லை எண்டு சொல்லிப்போட்டார் அக்கா. அதுக்குப் பிறகு ஒரு பிள்ளை இருந்தவள் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அவரைப் பொய்க்காரன் ஆக்கிறதோ?"

தங்கரத்தினம் தாம்பாளத்தைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே எதையோ இடம் மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது, நெடுநேரம்.

பாக்கியம் வெறும் சங்கிலியில் தனியாகத் தொங்கியதைக் கையில் கட்ட முயன்றாள். ஒரு கையால் கொக்கி மாட்டவில்லை. சந்திரமதி பக்கத்தில் நகர்ந்து வந்தாள். மாட்டிவிட்டு, சங்கின் ஓரத்தில் இருந்த பள்ளத்தைக் கண்டாள்.

"கடிச்சதா அக்கா?"

"ஓம்."

சந்திரமதி தவழ்ந்து போய்க்கொண்டிருந்த தன் பிள்ளையைத் தூக்கிவந்து பாக்கியத்தின் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளை கனமாக இருந்தது. எட்டு மாதத்தைவிடக் கனம்.

மாலையில் சிற்றம்பலம் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிய உடனேயே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ. நான் சொல்லிப்போட்டன்."

என்னத்தை என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார்.

"எல்லாருக்குமோ?"

"ரெண்டு பேருக்கு. எல்லாருக்கும் எண்டுதான் அர்த்தம்."

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாற ஆக்கள் கேப்பினம்."

"கேக்கட்டும்."

"நான் என்ன சொல்லுறது பாக்கியம்? கிராணியார் மூஞ்சைக்கு நேரே இல்லை எண்டு சொன்னனான்."

"அண்டைக்குச் சொல்ல ஏலாமல் கிடந்தது எண்டு சொல்லுங்கோ. அது பொய்யில்லையே."

அவர் அவளுடைய இடது கையைப் பார்த்தார். இந்த வருஷங்களில் முதல் தடவையாக, கண்ணை எடுக்காமல் பார்த்தார். தொடவில்லை. பிறகு சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் சிக்னல் விளக்குகளைத் துடைத்தார். அது போர்ட்டரின் வேலை. அவள் தடுக்கவில்லை. தான் செய்தது அவருக்குச் செய்த அநியாயமோ என்று அடுப்படியில் நின்று யோசித்தாள். அவருடைய மௌனத்துக்குள் செல்வராணி எப்படி இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. ஒருவேளை அங்கேயும் ஒரு பவுடர் டின் இருக்கலாம். அதைக் கேட்காமல் உடைத்துவிட்டோமோ.

காலையில் பனி தண்டவாளத்தை விட்டு இன்னும் எழும்பவில்லை. தெற்கே போகும் வண்டி வந்து நின்றது. டிரெஸ்ஸர் கனகராஜ் மருந்து வாங்கிவரக் கிளம்பியிருந்தார். பாக்கியம் அடுப்படி ஜன்னலில் நின்றால் பிளாட்பாரம் கூப்பிடு தூரம். அவர் ஏறாமல் நின்றார்.

"மாஸ்டர், வீட்டுல சொன்னாங்க. இத்தனை வருஷமா ஒண்ணாப் பழகுறோம், தெரியாமலே இருந்துட்டோம்."

சிற்றம்பலம் கையில் பச்சைக் கொடியோடு நின்றார். பனிக்குள் அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

"ஓம்" என்றார். "ஒரு மகள்."

"பேரு என்ன வெச்சிருந்தீங்க?"

"செல்வராணி." பிறகு அவருடைய குரல், அவள் இதுவரை கேட்டறியாத ஒரு வேகத்தில் வந்தது. "கூலாயிலை விடியக்காலைச் சரக்கு வண்டிக்குக் கொடி காட்டப் போகேக்குள்ள அவளையும் தோளிலை வைச்சுக்கொண்டு போறனான். தாய் நித்திரை. தாய்க்குத் தெரியாது. வண்டி கிட்ட வர வரச் சிரிப்பாள். ஒரு நாள் என்ரை தொப்பியைப் பிடுங்கித் தண்டவாளத்திலை எறிஞ்சுபோட்டாள். சரக்கு வண்டி அப்பிடியே அதுக்கு மேலாலை போச்சுது."

"அலாமாக்" என்று மலாயில் வியந்தார் கனகராஜ். "அப்புறம்?"

"காத்திலை பறந்து போச்சுதெண்டு வீட்டிலை சொன்னனான்."

பாக்கியம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தொப்பிக்காக அவள் அன்று வேலி முழுக்கத் தேடியலைந்தாள். அவள் நித்திரையாயிருந்த காலைகளில், பனியில், பிள்ளைக்கு ஒரு சரக்கு வண்டி இருந்திருக்கிறது.

கார்டு பின்பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்து விசில் ஊதினார். எஞ்சினும் ஒருமுறை கூவியது. ஒரு வண்டியைக்கூட வேண்டுமென்று நிறுத்தி வைத்திராத சிற்றம்பலம், திரும்பாமலே கையை உயர்த்தி, பொறு என்று காட்டினார்.

"கேளுங்கோ டிரெஸ்ஸர்" என்றார். "இன்னொரு நாள் என்ன செய்தவள் தெரியுமோ?"